எட்டு வயதுப் பையனுக்கு மேல்தாடையை அகலப்படுத்தச் சொல்கிறார்கள், குறட்டை நிற்குமா?

மழைச்சாரல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது. சின்ன வயதிலிருந்தே வாயைத் திறந்தபடிதான் தூங்குவான். இப்போது கொஞ்ச காலமாகக் குறட்டையும் சேர்ந்துவிட்டது, சளி இல்லாத நாட்களிலும். தலையணையை விட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டிக்கொண்டு படுப்பான். நேராகப் படுக்க வைத்தால் சற்று நேரத்தில் மறுபடியும் அதே நிலைக்குப் போய்விடுவான். நடுநடுவே குறட்டைச் சத்தம் அப்படியே நின்றுபோகிறது. எனக்குப் பக்கென்று இருக்கும். அப்புறம் பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். மின்விசிறி ஓடினாலும் தலைமுடியெல்லாம் வியர்த்து நனைந்திருக்கும். காலையில் எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பள்ளியில் டீச்சர், ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், சொன்னது காதில் ஏறுவதில்லை என்கிறார்.

ஆடிக்கொண்டிருந்த பால்பல்லைக் காட்டத்தான் பல் டாக்டரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு, மேல்தாடை குறுகலாக இருக்கிறது, ஒரு பக்கம் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்க் கடிக்கின்றன, எக்ஸ்பாண்டர் போட்டு அகலப்படுத்த வேண்டும் என்றார். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, தொண்டைப் பகுதியில் மூச்சுப்பாதை சிவப்பாகத் தெரிவதைக் காட்டி, "இதனால்தான் குறட்டை, தாடை விரிந்தால் அதுவும் நின்றுவிடும்" என்றார். எலும்பு இறுகுவதற்குள் செய்ய வேண்டும், உடனே முடிவு சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

என் கணவர், பால்பல்லே இன்னும் முழுசாக விழவில்லை, இப்போது என்ன அவசரம் என்கிறார். மாமியார், நம் வீட்டில் குறட்டை விடாதவர் யார் என்கிறார். பல்லுக்குப் போடும் ஒரு கருவி தூக்கத்தையும் மூச்சையும் சரிசெய்யுமா? யாராவது அனுபவப்பட்டவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.


இரவுப்பறவை எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டியவன் நான். ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் என்று கண்டுபிடித்து, இப்போது இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மிஷின் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். பதின்ம வயதில் பல்வரிசை நெருக்கமாக இருக்கிறது என்று மேலும் கீழுமாக நான்கு முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்கிவிட்டுத்தான் எனக்குக் கிளிப் போட்டார்கள். பல்வரிசை அழகாக வந்தது, அதில் குறையில்லை. ஆனால் இப்போது இணையத்தில் எதைத் திறந்தாலும், பல்லைப் பிடுங்கியதால் வாய் சுருங்கி, நாக்குக்கு இடமில்லாமல் பின்னால் போய்த் தொண்டையை அடைக்கிறது என்கிறார்கள். அப்படியானால் உங்கள் மகனுக்கு விரிப்பதுதானே நல்லது? தெரிந்தவர்கள் யாராவது இதற்கும் சேர்த்துச் சொன்னால் எனக்கும் மனம் தெளியும்.


பல்வரிசை எழுதியது:

நான் பல் சீரமைப்பு மருத்துவர். கிளிப் போடுவதும் தாடையை அகலப்படுத்துவதும்தான் என் அன்றாட வேலை. அதனால் எக்ஸ்பாண்டருக்கு எதிரான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மகனுக்கு எக்ஸ்பாண்டர் தேவைப்படலாம். ஆனால் முதலில் போக வேண்டிய இடம் ஈ.என்.டி. டாக்டரிடம்.

குறட்டை நடுவில் நிற்பது, இழுப்போடு மூச்சு திரும்புவது, கழுத்தை நீட்டிப் படுப்பது, வியர்வை, காலையில் எழ முடியாமை, பகலில் துறுதுறுப்பு. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடுவதற்கான அறிகுறி. கழுத்தை நீட்டுவது கெட்ட பழக்கம் இல்லை. தூக்கத்திலேயே அவன் தன் மூச்சுப்பாதையைத் திறந்து வைத்துக்கொள்கிறான். நேராக்கிவிடாதீர்கள். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளில் பலர் நேர்மாறாக அடங்காமல் ஓடுவார்கள், அதனால்தான் டீச்சருக்கு அது கவனக்குறைவாகத் தெரிகிறது. வீட்டில் எல்லோரும் குறட்டை விடுவார்கள் என்பது உண்மையாக இருக்கட்டும், அதற்காக இதை விட்டுவிட முடியாது.

இந்த வயதில் அடைப்புக்கு முதல் காரணம் அடினாய்டு, டான்சில் என்ற சதைப்பகுதிகள் பெரிதாவதுதான். டான்சில் வாயைத் திறந்தால் தெரியும். அடினாய்டு மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே ஒளிந்திருக்கும்; அதைப் பார்க்க பக்கவாட்டு எக்ஸ்ரே அல்லது மூக்கு வழியாக விடும் மெல்லிய குழாய்க் கேமரா வேண்டும். பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதை ஒட்டித்தான் அது மூச்சுப்பாதையை அதிகம் அடைக்கும், பதின்ம வயதை நெருங்க நெருங்கச் சுருங்கும். எட்டு வயதுப் பையனின் குறட்டைக்கு அடினாய்டைப் பார்க்காமலே தாடைதான் காரணம் என்று முடிவுகட்டுவது சரியில்லை.

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அவன் தூங்குவதைக் கைபேசியில் வீடியோ எடுங்கள். படுத்த உடனே எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். கனவுத்தூக்கம் அதிகம் வருவது விடியற்காலையில்தான், தொண்டைத் தசைகள் நன்றாகத் தளர்வதும் அப்போதுதான். சட்டையைக் கழற்றிவிட்டு, முகம் முதல் வயிறு வரை ஒன்றாகத் தெரியும்படி, சத்தமும் பதிவாகும்படி எடுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பி மார்பு உள்ளே குழிகிறதா, கழுத்தின் அடியில் எலும்புக்கு மேலே தோல் உள்ளே இழுபடுகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, சத்தம் நிற்கிற அந்த நேரத்தில் மார்பு அசைகிறதா? அசைந்தால் அவன் மூச்சுக்கு முயல்கிறான், வழிதான் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டருக்கு வாயால் பத்து நிமிடம் விளக்குவதைவிட இந்த வீடியோ அதிகம் சொல்லும்.

இப்போது தாடைக்கு வருகிறேன். மாடி வீட்டின் தரைதான் கீழ் வீட்டுக்குக் கூரை. அதுபோல வாயின் மேலண்ணம்தான் மூக்கின் தரை. நடுவில் மெல்லிய எலும்பு மட்டும்தான். அந்த எலும்பு இடது, வலது என்று இரண்டு துண்டு, நடுக்கோட்டில் ஒரு இணைப்பு. எக்ஸ்பாண்டர் அந்த இணைப்பைப் பிரித்து இரண்டு பக்கத்தையும் விலக்குகிறது. அண்ணம் அகலமாகும்போது மூக்கின் தரையும் சேர்ந்து அகலமாகும், மூக்கு வழியாகக் காற்று போவதற்கான தடை குறையும். மேலே நாக்கு ஒட்டி இருக்க இடமும் கிடைக்கும். ஆக, உங்கள் டாக்டர் சொன்னதில் அடிப்படை இருக்கிறது.

2004-இல் வெளியான ஒரு ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. தூக்க மூச்சடைப்பு இருந்த 31 குழந்தைகளுக்கு மேல்தாடையை அகலப்படுத்தினார்கள். மணிக்குச் சராசரியாக 12.2 என்று இருந்த மூச்சுத்தடைகள் சிகிச்சைக்குப் பின் 1-க்கும் கீழே போயின. படிக்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தைகள் யார் என்று பார்க்க வேண்டும்: மேல்தாடை குறுகியவர்கள், அடினாய்டும் டான்சிலும் பெரிதாக இல்லாதவர்கள், உடல் பருமன் இல்லாதவர்கள். சிகிச்சை தராமல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. உங்கள் மகன் அந்த வகைக் குழந்தைதானா என்று தெரிய வேண்டுமானால் மூக்கையும் தொண்டையையும் பார்த்தாக வேண்டும். நான் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மூக்கடைப்பு தாடையைக் குறுக்குகிறதா, குறுகிய தாடை மூக்கை அடைக்கிறதா? இரண்டு பக்கமும் நடக்கிறது. வாயால் மூச்சுவிடும் குழந்தையின் நாக்கு கீழே இறங்கிவிடும், உள்ளிருந்து தாங்க ஆளில்லாமல் கன்னத் தசைகள் மேல்தாடையை அழுத்தும். 1981-இல் வந்த ஆராய்ச்சி ஒன்றில் வளரும் குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் பல்வரிசை மாறியது, ஆனால் ஒரே மாதிரி மாறவில்லை. ஒவ்வொன்றும் வாயைத் திறந்து வைக்க வேறு வேறு உத்தியைக் கையாண்டது, அதற்கேற்ப வேறு வேறு கோளாறு வந்தது. வாயைத் திறந்து தூங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் முகம் நீண்டுவிடும் என்று பயமுறுத்தும் வீடியோக்களை நம்ப வேண்டாம். பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சிவப்பு நிறம். அதைப் பார்த்து எத்தனை பெற்றோர் கலங்கிப்போய் என்னிடம் வந்திருக்கிறார்கள்! அந்த ஸ்கேன் எடுக்கும்போது பிள்ளை விழித்திருக்கிறான், பெரும்பாலும் உட்கார்ந்தோ நின்றோ இருக்கிறான். எச்சில் விழுங்கினாலே, நாக்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாலே அளவு மாறும். எந்த அளவுக்குக் கீழே போனால் சிவப்பு என்பது மென்பொருளில் யாரோ வைத்த கோடு. தூங்கும்போது, படுத்திருக்கும்போது என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019-இல் இது பற்றி நீண்ட அறிக்கை வெளியிட்டது. பல் சீரமைப்பு மருத்துவர் சந்தேகப்படலாம், விசாரிக்கலாம், உரிய டாக்டரிடம் அனுப்பலாம். நோயை உறுதிசெய்வது அவர் வேலை இல்லை, பின்னால் ஆப்னியா வராமல் தடுக்கிறேன் என்று தாடையை விரிப்பதற்கும் ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். எனக்கு முழு உடன்பாடு.

அவசரத்தைப் பற்றி: எட்டு வயது நல்ல வயதுதான். நடு இணைப்பு பதின்ம வயதில்தான் மெல்ல மெல்ல இறுகும். இரவில் தூங்கும்போது மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனைக்குச் சில வாரங்கள் காத்திருப்பதால் அந்த வாய்ப்பு கைநழுவாது. இன்னொன்று, மேல்பற்கள் உள்ளே விழுவது உண்மையானால், குறட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகிறதா என்று கண்ணாடி முன் நிறுத்திப் பாருங்கள். ஒதுங்கினால் வளரும் வயதிலேயே திருத்துவது நல்லது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், எல்லாப் பால்பல்லும் விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எக்ஸ்பாண்டர் போட இது ஒன்றே போதுமான காரணம். குறட்டை குறைந்தால் கூடுதல் லாபம். "நின்றுவிடும்" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இரவுப்பறவை அவர்களுக்கு: உங்கள் பல்லைப் பிடுங்கியதால் ஆப்னியா வந்தது என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். 2015-இல் 5,584 பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து இதையே ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு முன்கடைவாய்ப்பற்கள் இல்லை, பாதிப் பேருக்கு இருந்தன. ஆப்னியா இருந்தவர்கள் முதல் குழுவில் சுமார் 10.7 சதவீதம், இரண்டாவதில் 9.6. வயது, எடை எல்லாம் ஒத்துப்பார்த்தபோது அந்த வித்தியாசத்துக்குப் பொருள் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: வளர்ந்தவர்களுக்குக் கழற்றி மாட்டும் கருவியால் தாடையையே வளர்த்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். வளர்ந்தவர்களின் அண்ண இணைப்பு பொதுவாக அப்படித் திறக்காது. பற்கள்தான் வெளிப்பக்கம் சாயும், எலும்பைவிட்டு வெளியே தள்ளப்பட்டு ஈறு இறங்கும். மிஷின் ஒத்துவரவில்லை என்றால் கீழ்த்தாடையை முன்னால் பிடித்துவைக்கும் இரவுக்கருவி இருக்கிறது. கடுமையான நோய் உள்ள சிலருக்கு இரண்டு தாடைகளையும் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. எது பொருந்தும் என்பதை உங்கள் தூக்க மருத்துவரிடம் பேசுங்கள்.


மஞ்சள்முல்லை எழுதியது:

டாக்டர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். எக்ஸ்பாண்டரோடு வீட்டில் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன், என் மகளுக்குப் போட்டோம்.

அண்ணத்தில் உலோகத் திருகு ஒன்று, இரண்டு பக்கமும் கடைவாய்ப்பற்களோடு ஒட்டியிருக்கும். திருகின் நடுவில் ஊசி நுழைகிற அளவு துளை. சின்னச் சாவி ஒன்று தருவார்கள். பிள்ளையைப் படுக்கவைத்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டு, டார்ச் அடித்து, முன்னாலிருக்கும் துளையில் சாவியை விட்டுத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை முன்னால் வந்து முழுதாகத் தெரிந்தால்தான் ஒரு திருப்பு முடிந்தது. பாதியில் நிறுத்திவிட்டால் மறுநாள் துளையே தெரியாது. ஒரு திருப்புக்கு கால் மில்லிமீட்டர் என்றார்கள். சாவியில் நீளமாக ஒரு நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், கைதவறித் தொண்டைக்குள் போய்விடக்கூடாது. சாவியை வெளியே எடுக்கும்போதும் கவனம், திருப்பியதைப் பின்னோக்கி இழுத்துவிடாமல் எடுக்க வேண்டும்.

திருப்பியவுடன் மூக்குத்தண்டில், கண்ணுக்குக் கீழே அழுத்துகிறது என்பாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முதல் சில நாட்கள் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, "ச", "ட" எல்லாம் குழறியது. அப்புறம் ஒரு நாள் முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. நான் பதறிவிட்டேன். எலும்பு பிரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். தானாகவே மெல்ல மூடிக்கொண்டது. திருப்புவதை நிறுத்தியபின்னும் பிரிந்த இடத்தில் எலும்பு நிரம்பும்வரை சில மாதங்கள் கருவி வாயிலேயே இருந்தது.

குறட்டை? குறைந்தது. மூக்கால் மூச்சுவிட ஆரம்பித்தாள். ஆனால் முழுசாக நிற்கவில்லை. அவளுக்கு ஒவ்வாமையும் இருந்தது, ஈ.என்.டி. டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயை ஒழுங்காக அடித்த பிறகுதான் இரவு அமைதியானது. எதனால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.


மழைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விடியற்காலையில் விழித்திருந்து வீடியோ எடுத்தேன். சத்தம் நிற்கும்போது மார்பு அசைகிறது டாக்டர். பார்க்கவே முடியவில்லை. ஈ.என்.டி. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டோம். இன்னும் சில சந்தேகங்கள். ஸ்லீப் ஸ்டடியில் எண் எவ்வளவு வந்தால் கவலைப்பட வேண்டும்? அடினாய்டை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடலாமா, அதன்பின் எக்ஸ்பாண்டர் வேண்டாமா? கீழ்த்தாடையும் சின்னது, அதற்கும் பிறகு ஒரு கருவி போட வேண்டும் என்றார்களே, அது எதற்கு?


பல்வரிசை எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். நேரம் கிடைப்பது தள்ளிப்போனால் அதைக் காட்டியே முன்னதாகக் கேட்கலாம். உதடோ முகமோ நீலம்பாய்ந்தாலோ, எழுப்பியும் எழாமல் போனாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எண் என்பது மணிக்கு எத்தனை மூச்சுத்தடை என்ற கணக்கு. பெரியவர்களுக்கு மணிக்கு 5 வரை விட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கு மணிக்கு 1 வந்தாலே கவனிக்க வேண்டியது. அறிக்கையில் 4 என்று இருப்பதைப் பார்த்து, பெரியவர்களுக்கான அளவை வைத்து "சாதாரணம்தான்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். விரலில் மாட்டி ஆக்சிஜன் மட்டும் பார்க்கும் பரிசோதனை சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. பல பிள்ளைகளுக்கு ஆக்சிஜன் பெரிதாகக் குறையாமலே தூக்கம் துண்டுதுண்டாக உடைந்துகொண்டிருக்கும்.

அறுவை சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் அந்த டாக்டர்தான், நானில்லை. உங்களுக்குத் தைரியமும் தெளிவும் வர ஒன்று சொல்கிறேன். 2013-இல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையான 464 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தார்கள், மறுபாதியைக் கண்காணிப்பில் வைத்தார்கள். 7 மாதம் கழித்து அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஸ்லீப் ஸ்டடி சரியானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. கவனத்தை அளக்கும் சோதனையில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நடத்தையிலும் அன்றாட வாழ்க்கையிலும் அறுவை செய்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆக, லேசான அளவு என்றால் மருந்தோடு காத்துப்பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். வீடியோவில் தெரிவதுபோல் அதிகமாக இருந்தால் தள்ளிப்போட மாட்டார்.

அடினாய்டை எடுத்தாலும் மேல்தாடையின் குறுகல் பெரும்பாலும் தானாக நேராகிவிடாது. அறுவைக்குப் பின் சில மாதம் கழித்து மறுபடி ஸ்லீப் ஸ்டடி பாருங்கள். மீதம் இருந்தால் எக்ஸ்பாண்டருக்கு இன்னொரு காரணம் கிடைக்கும். மீதம் இல்லை என்றாலும் கடியைச் சரிசெய்ய அது தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன்.

கீழ்த்தாடை விஷயம்: நாக்கை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் தசை கீழ்த்தாடையின் உட்புறம், மோவாய் எலும்பில்தான் ஒட்டியிருக்கிறது. தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால். மிகச் சிறிய கீழ்த்தாடையோடு பிறந்து மூச்சுக்குத் திணறும் பச்சிளங்குழந்தைகள் சிலருக்கு அந்த எலும்பை அறுத்துச் சிறிது சிறிதாக நீட்டுகிறார்கள், நாக்கு முன்னால் வந்து மூச்சு சீராகிறது. தாடைக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரடியானது. ஆனால் உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு மாட்டும் கருவி வேறு. தாடையை முன்னால் கடிக்க வைத்து வளர்ச்சிக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். முன்பல் துருத்தல் நன்றாகக் குறையும். தாடை எலும்பே கூடுதலாக வளர்வது நீண்டகாலத்தில் பார்த்தால் கொஞ்சம்தான். அதைச் செய்ய ஏற்ற காலம் பருவ வளர்ச்சி வேகமெடுக்கும் வயது, அவனுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. இப்போதே அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னால், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஈ.என்.டி. டாக்டரிடம் போகும்போது பல் டாக்டர் எடுத்த ஸ்கேனையும் கொண்டு போங்கள். சிவப்பு நிறத்தை விடுங்கள், அதில் அடினாய்டின் நிழல் நன்றாகத் தெரியும், இன்னொரு எக்ஸ்ரே எடுக்காமல் தப்பலாம். ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.